எடுத்துச் செல்லக் கூடாத முட்டை

1

2010 ஆகஸ்ட் 22, ஞாயிறு. 5.00க்கு எழுந்தேன். 5.10க்குப் பால் வந்தது. 5.20க்குக் காபி. 5.30க்கு மோட்டார் போட்டேன். அந்த வாரம் எங்கள் தளத்தின் முறை. 5.35க்கு எட்டு முட்டைகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். 6.05க்குக் கொதிக்கும் தண்ணீரில் கரண்டியால் ஒவ்வொன்றாக இறக்கினேன். 6.16க்கு எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டேன். 6.40க்கு உரித்து முடித்தேன். எட்டும் சேதமில்லை.

இது அன்றைய நாட்குறிப்பில் உள்ளபடி. 1998இல் வத்தலக்குண்டிலிருந்து ஐதராபாத் வந்த நாள் முதல் எழுதிவருகிறேன். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மணி, செய்த காரியம், விளைவு. மனதில் பட்டதை எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. ஆகவே அந்தப் பக்கத்தைப் படிக்கும் எவரும், முட்டை நன்றாக உரிந்ததில் திருப்திப்பட்ட ஒருவனைத்தான் காண்பார்கள். அன்று காலை நான் அப்படித்தான் இருந்தேன்.

போன சனிக்கிழமை கச்சிபௌலியில் எங்கள் அடுக்ககத்துக்கு எதிரே உள்ள கடைக்கு என் மகள் தாரணியோடு போயிருந்தேன். அவகாடோ அடுக்கி வைத்திருந்தார்கள். “வாங்கலாமா?” என்று கேட்டேன். “உங்க இஷ்டம்பா” என்றாள். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. எதைக் கேட்டாலும் இந்த ஒரு பதில்தான். காலையில் என் மனைவி கோமதி, “என்னடி வேணும், தோசையா உப்புமாவா?” என்றால், “எதுனாலும் ஓகேம்மா.” தீபாவளிக்கு என்ன நிறம் என்றால், “நீங்களே பாருங்க.” பிடிவாதம் இல்லாத பெண் என்று உறவினர்கள் மெச்சுகிறார்கள்.

அவள் அப்படி இருந்தவள் அல்ல. மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் ஒன்றைக் கேட்டாள். நான் வேறொன்றைச் செய்துகொண்டு போய் நின்றேன். கடையிலிருந்து வந்ததும் பழைய நாட்குறிப்பை எடுத்தது அதனால்தான்.

2

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. இங்கே பத்தாம் வகுப்பு முடிந்ததும் இரண்டு வருடம் ‘இன்டர்’. நம் ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி. ஆனால் பள்ளியில் இல்லை. ஜூனியர் காலேஜ் என்று தனியாக. பொறியியல் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் பெரிய காலேஜ்கள் ஊருக்கு வெளியே வளாகம் கட்டி, பிள்ளைகளை அங்கேயே தங்க வைத்துவிடும். காலை ஐந்துக்குப் படிப்புக் கூடம், இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு. எங்கள் அலுவலகத்தில் யாருடைய பிள்ளையாவது பத்தாவது முடித்தால், “எந்த கேம்பஸ்?” என்றுதான் கேட்பார்கள். சேர்ப்பீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் தர உறுதிப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் செய்த வேலை எழுதிவைத்த முறைப்படி நடந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது என் வேலை. தாரணியின் காலேஜையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். ஆறு காலேஜ்கள், பதினொரு அம்சங்கள், அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்தேன். ஆய்வகம், குடிநீர், ஆசிரியர் விகிதம், அருகில் மருத்துவமனை எல்லாம் இருந்தன. தாரணிக்குப் போக விருப்பமா என்ற அம்சம் அதில் இல்லை. விட்டுப்போனது என்று சொன்னால் பொய். அது தோன்றவே இல்லை.

ஜூனில் கொண்டுபோய் விட்டோம். வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை பெற்றோர் பார்க்கலாம். வீட்டுக்கு அழைத்துப் போக ‘அவுட் பாஸ்’ வேண்டும். பருவத்துக்கு இரண்டு தருவார்கள். முந்தைய வியாழக்கிழமைக்குள் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதி, பெற்றோர் அடையாள அட்டையின் நகலோடு கொடுக்க வேண்டும். இரண்டையும் தசராவுக்கும் தீபாவளிக்கும் என்று சேமித்து வைத்திருந்தேன். அலுவலகத்தில் விடுப்பைச் சேமிப்பவன் நான். இதுவும் எனக்கு ஒரு நல்ல பழக்கமாகவே பட்டது.

ஜூன் 27 அன்று தாரணி, “அப்பா, என்னால முடியல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள். ஜூலை 11 அன்றும் அதையே சொன்னாள். ஜூலை 25 அன்று, “ஒரே ஒரு நாள். ஒரு நைட் என் ரூம்ல தூங்கிட்டு வந்துடறேன்” என்றாள். ஒரு நாள் வந்தால் திரும்பிப் போகக் கஷ்டமாக இருக்கும், பழகும்வரை பொறு என்று மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னேன். ஆகஸ்ட் 8 அன்று அவள் கேட்கவில்லை. அன்றைய பக்கத்தில், ‘தாரணி பழகிவிட்டாள்’ என்று எழுதியிருக்கிறேன். அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: ‘அவள் கைக்கடிகார வார் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது, புது வார் வாங்க வேண்டும்.’

3

வளாகத்திலிருந்து வாரம் ஒருமுறை, மூன்று நிமிடம் தொலைபேசியில் பேசலாம். தொலைபேசி வார்டன் அம்மாவின் மேசையில் இருந்தது. அவருக்குப் புரியாத மொழியில் பேசக் கூடாது என்பது விதி. ஆகவே எங்கள் வீட்டுப் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. தாரணிக்கு அதில் சிரமமில்லை. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள்தான். கோபம் வந்தால் தெலுங்கு. ஆனால் அங்கே போன பிறகு, நேரில் பார்க்கும் அந்த இரண்டு மணி நேரமும் தமிழிலேயே பேச ஆரம்பித்திருந்தாள். கோமதிக்கு அதில் பெருமை. வார்டனுக்குப் புரியாத ஒரே மொழி அதுதான் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஆகஸ்ட் 18, புதன், மாலை 7.10. அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“அப்பா, இந்த சண்டே எனக்கு அவகாடோ முட்டை வேணும்.”

“அது அங்க கொண்டுவர முடியாதேம்மா.”

“தெரியும்.”

“செஞ்சு அரை மணி நேரத்துல சாப்பிடணும்.”

“தெரியும்பா. அதுதான் வேணும். இலையெல்லாம் அப்பவே நறுக்கிப் போட்டு, ஃப்ரெஷ்ஷா.”

“அம்மா பிரியாணி செஞ்சு தரேன்னு சொல்றா.”

“வேணாம். எனக்கு அதுதான் வேணும். அப்பா, புரியுதா?”

“புரியுது” என்றேன். நேரம் முடிந்துவிட்டது.

4

அந்த முட்டையைப் பற்றிச் சொல்கிறேன். 2003இல் அலுவலக வேலையாக ஒஹாயோவில் பதினான்கு மாதம் குடும்பத்தோடு இருந்தோம். பக்கத்து வீட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்மணி. அவர் மகளும் தாரணியும் ஒரே வகுப்பு. தாரணியின் பத்தாவது பிறந்தநாளுக்கு அவர் ஒரு தட்டு கொண்டுவந்தார். வேகவைத்த முட்டையை நீளவாக்கில் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து மசித்து, காரம் சேர்த்து, திரும்ப வெள்ளையின் குழியில் நிரப்புவது. டெவில்ட் எக் என்பார்கள். வழக்கமாக மேயொனேஸ் போடுவார்களாம். அவர் அதற்குப் பதில் அவகாடோவை மசித்திருந்தார். மேலே மூன்று வகை இலை பொடியாக நறுக்கித் தூவியிருந்தது.

கோமதி ஒரு வாய் தின்றுவிட்டு என்னைப் பார்த்தாள். “ஏங்க, இது நம்ம ஊரு பட்டர் ஃப்ரூட்டுங்க.”

அதுதான். வத்தலக்குண்டு சந்தையில் மலையிலிருந்து கூடை கூடையாக வரும். சர்க்கரையும் பாலும் ஊற்றிக் கரைத்துக் குடிப்போம். அதற்கு உப்பும் மிளகும் போடலாம் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது. தாரணி அன்று ஏழு பாதி தின்றாள். அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எங்கள் வீட்டில் கேக்கோடு அதுவும் உண்டு.

செய்முறையை நான்தான் எழுதி வைத்தேன். எட்டு முட்டைக்கு நடுத்தர அளவு பழம் ஒன்று, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி, மஸ்டர்ட் அரைத் தேக்கரண்டி, விதை நீக்கிய பச்சை மிளகாய் ஒன்று, உப்பு, மிளகு. முட்டை நான்கைந்து நாள் பழையதாக இருக்க வேண்டும்; புது முட்டை ஓட்டோடு பிய்ந்து வரும். இலைகள்: கொத்தமல்லி, வெங்காயத்தாள், அப்புறம் அந்தப் பெண்மணி ‘டில்’ என்று சொன்ன ஒன்று. ஐதராபாத் திரும்பியதும் பெரிய கடைகளில் டில் கேட்டு அலைந்தேன். கடைசியில் கோமதிதான் ரைத்து பஜார் என்னும் உழவர் சந்தையில் ஒரு கட்டை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்தாள். இங்கே சோயா கூர என்று கீரையோடு கீரையாக விற்கிறார்கள், நம் சதகுப்பைதான்.

அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஒருமுறை பள்ளிச் சுற்றுலாவுக்குச் செய்து கொடுத்தனுப்பினோம். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் சேறு மாதிரி கறுத்துக் கிடந்ததாம். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். அன்று எழுதினேன்: ‘செய்து அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.’ அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தேன்.

5

புதன் இரவே வத்தலக்குண்டில் இருக்கும் கோமதியின் தம்பிக்குச் சொல்லிவிட்டேன். ஆகஸ்டில் அங்கே பழம் உச்சத்தில் இருக்கும். மதுரையிலிருந்து வரும் தனியார் பேருந்தில் ஒரு அட்டைப் பெட்டி வெள்ளி காலை வந்து சேர்ந்தது. பன்னிரண்டு காய், ஒவ்வொன்றும் தினசரித் தாளில் சுற்றியிருந்தது. அவற்றில் நான்கு அழுத்தினால் லேசாக அமுங்கின. மற்றவற்றில் நான்கை வாழைப்பழத்தோடு அரிசி டப்பாவில் புதைத்தேன்.

வெள்ளி மாலை சோதனையைத் தொடங்கினேன். பழுத்ததை மசித்து நான்கு கிண்ணங்களில் வைத்தேன். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. ஒன்றில் எலுமிச்சை. ஒன்றில் எலுமிச்சையோடு, காற்றுப் புகாதபடி பிளாஸ்டிக் தாளை மேலேயே ஒட்டினேன். ஒன்றில் கட்டித் தயிர். அரை மணிக்கு ஒருமுறை நிறத்தைக் குறித்தேன். மூன்றாவது கிண்ணம் இரண்டரை மணி நேரம் தாங்கியது. ஆனால் ருசி மங்கிவிட்டது. சனிக்கிழமை காலைதான் விடை கிடைத்தது. பழத்தை வெட்டாமலே முழுசாகக் கொண்டுபோக வேண்டும். வெள்ளைப் பாதிகள் ஐஸ் பெட்டியில். மசித்த மஞ்சள் கரு தனி டப்பாவில். இலைகள் ஈரத் துணியில், நறுக்காமல். அங்கே போய் பழத்தை வெட்டி, மசித்து, கலந்து, பாலிதீன் கோனில் நிரப்பிப் பிழிந்தால் பதினைந்து நிமிடத்தில் முடியும்.

“ஏங்க, இவ்வளவு எதுக்கு?” என்று கோமதி ஒருமுறை கேட்டாள்.

“அவ கேட்டாளே.”

“கேட்டாதான்...” என்று இழுத்தாள். பிறகு உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள்.

எனக்கு இந்த மூன்று நாளும் நல்ல நாட்கள். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தீர்க்க முடியாது என்று நானே எழுதிவைத்த ஒன்றை என் மகளுக்காகத் தீர்க்கிறேன் என்ற எண்ணம். அலுவலகத்தில்கூட இரண்டு பேரிடம் சொன்னேன்.

இடையில் வந்த வியாழக்கிழமைதான் அவுட் பாஸ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளாக இருந்தது. அதையும் நாட்காட்டியில் குறித்திருந்தேன். வியாழன் முடிந்ததும் பேனாவால் அடித்தேன்.

6

வளாகத்தின் வாசலுக்கு உள்ளே, வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிப் புங்க மரங்கள். பார்வையாளர் ஞாயிறன்று அந்த நிழலில் குடும்பம் குடும்பமாகப் போர்வை விரித்திருக்கும். நல்கொண்டாவிலிருந்து, கம்மத்திலிருந்து முதல் நாளே பேருந்து ஏறி வந்தவர்கள். புளியோதரை, கோழி வறுவல், தயிர் சாதம். பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே வாராந்திரத் தேர்வில் எத்தனையாவது இடம் என்று கேட்பார்கள். பிள்ளைகள் வாயில் சோற்றோடு பதில் சொல்லும்.

நாங்கள் 9.40க்குப் போய்விட்டோம். பக்கத்துப் போர்வையில் பெனடிக்ட் இருந்தார். சிகந்திராபாத் தமிழர், பாட்டனார் காலத்திலேயே ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். இவர் சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் ஒர்க்ஸில் ஃபோர்மேன். மனைவி மருத்துவமனைப் பணியில் இருப்பதால் ஞாயிறு தனியாகத்தான் வருவார். அவர் மகள் ஸ்டெல்லாவும் தாரணியும் ஒரே அறை. அவர் பேசும் தமிழில் பாதி அந்த ஊர் உருது. ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’.

நான் மடிப்பு மேசையை விரித்து ஐஸ் பெட்டியைத் திறந்ததும் எழுந்து வந்துவிட்டார்.

“என்னா சார் இது, ஆப்ரேஷன் தியேட்டரா?”

“முட்டை.”

“முட்டைக்கு கைக்கு இவ்ளோ ஐசு? உள்ளாற கிட்னியா வெச்சிருக்கீங்க?” கோனை எடுத்துப் பார்த்தார். “அரே, மெஹந்தி கோன் வேற. பொண்ணுக்கு நிச்சயமா? சொல்லவேயில்லயே.”

“வைங்க பெனடிக்ட், கை படக் கூடாது.”

“ஹவ் சார், ஹவ். தொடல. பேரு என்னா இதுக்கு?”

“டெவில்ட் எக்.”

“காலைல பூசைக்குப் போயிட்டு வந்தவன் கிட்ட காட்டுற சாப்பாடா சார் இது!”

பத்து மணிக்கு உள் கதவு திறந்தது. தாரணி வேகமாகத்தான் வந்தாள். வந்தவள் கோமதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. தோளில் புத்தகப் பை மாட்டியிருந்தாள். பார்வை நேரத்துக்குப் பை எதற்கு என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

“செஞ்சு கொண்டு வந்துட்டீங்களா?”

“இல்ல, இங்கதான் செய்யப்போறேன். நின்னு பாரு.”

பழத்தை இரண்டாக வெட்டினேன். நிறம் அப்படியே இளம்பச்சை. மசித்தேன், கலந்தேன், கோனில் நிரப்பினேன், பதினாறு குழியிலும் ஒரே அளவாகப் பிழிந்தேன். கோமதி இலைகளை நறுக்கித் தூவினாள். 10.14. நல்கொண்டாக்காரர்கள் இரண்டு பேர் எழுந்துவந்து வேடிக்கை பார்த்தார்கள். ஸ்டெல்லா வந்து தாரணியின் பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாரணி ஒன்றைத் தின்றாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“பர்ஃபெக்ட்பா.”

“தாரணிம்மா, உங்க டாடி பெரிய ஆளு” என்றார் பெனடிக்ட், இரண்டாவதை வாயில் போட்டபடி. “நீ நிலாவுல போயி படிச்சாலும் அங்க அடுப்பு வெச்சி தோசை ஊத்திக் குடுத்துட்டு வந்துடுவாரு. எங்க போனாலும் விடமாட்டாரு.”

“டாடி, நக்கோ” என்றாள் ஸ்டெல்லா மெதுவாக. “சும்மா இருங்க.”

“நான் என்னா சொல்ட்டேன்?”

தாரணி கையிலிருந்த பாதியைத் தட்டில் வைத்தாள். தமிழில் பேசினாள்.

“அப்பா, உங்க நோட்டுல என்ன எழுதியிருக்கு? வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு ரெட் இங்க்ல எழுதியிருக்கீங்க. நீங்க எழுதினத நீங்க மீறவே மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

“மீறலையே. கலந்து அரை மணிகூட ஆகல. கணக்கு அந்த நேரத்திலேர்ந்துதானே.”

நான் அப்படித்தான் சொன்னேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை.

“பாஸ் வாங்கிட்டு வருவீங்கன்னு நெனச்சேன்பா. வார்டன் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க, வேற எப்படிக் கேக்கறது? எடுத்துட்டு வரவே முடியாத சாப்பாடு எதுன்னு நானும் ஸ்டெல்லாவும் ரெண்டு நாள் யோசிச்சோம். ஐஸ்கிரீம்னா பெட்டில வெச்சுக் கொண்டாந்துடுவீங்க. பூரின்னா ஆறினாலும் நல்லாத்தான் இருக்கும்னு சொல்லுவீங்க. இது ஒண்ணுதான் கிடைச்சுது.”

கோமதி, “அய்யோ, கண்ணு” என்றாள். பெனடிக்ட் எங்கோ பார்த்தபடி தன் போர்வைக்குத் திரும்பிப் போனார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதற்கு மூன்று வருடத்தில் பல வடிவங்கள் எழுதிப் பார்த்துவிட்டேன். அன்று சொன்னது இது: “வியாழக்கிழமையே அப்ளை பண்ணியிருக்கணுமேம்மா. தசராவுக்கு இன்னும் எட்டு வாரம்தான்.”

“ம்” என்றாள். “பரவால்லப்பா. நல்லா இருக்கு.” தட்டில் வைத்ததை எடுத்துத் தின்றாள். இன்னும் இரண்டு தின்றாள். அதன்பின் தேர்வு மதிப்பெண் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள், ஆங்கிலத்தில்.

11.55க்கு முதல் மணி அடித்தது. “மீதி அஞ்சையும் ரூமுக்கு எடுத்துட்டுப் போகவா?” என்று கேட்டாள்.

“அரை மணி தாண்டிடுச்சேம்மா” என்றேன்.

“சரி” என்று டப்பாவை மூடி என் கையில் கொடுத்தாள். புத்தகப் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பையில் ஒரு செட் மாற்றுத் துணியும் பல் துலக்கும் பிரஷும் இருந்ததாக ஸ்டெல்லா வெகு நாள் கழித்துக் கோமதியிடம் சொல்லியிருக்கிறாள்.

7

 எல்.பி. நகர் சிக்னலில் வண்டி நின்றபோது கோமதி கேட்டாள்.

“போன்ல புரியுதான்னு கேட்டாளாமே.”

“கேட்டா.”

“புரியுதுன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“என்னங்க புரிஞ்சது?”

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன். அவளே, “உங்கள மட்டும் சொல்லி என்ன. நானும்தானே கூட உக்காந்து கீரை ஆஞ்சேன்” என்றாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

மெஹதிப்பட்டணத்தில் போக்குவரத்து நெரிசல். அங்கே நின்றிருந்தபோது எனக்கு நினைவு வந்தது மதுரை. நான் கல்லூரி விடுதியில் இருந்த வருடங்கள். என் அறைக் கூட்டாளிகள் எல்லாரும் சனிக்கிழமை சினிமாவுக்குப் போவார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் பேருந்து நிலையத்துக்கு ஓடி வத்தலக்குண்டு பேருந்தில் ஏறிவிடுவேன். வீட்டில் விசேஷமாக ஒன்றும் இருக்காது. அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார், “வந்துட்டியா” என்பதோடு சரி. நான் என் பாயில் படுத்துத் தூங்கிவிட்டுத் திங்கள் காலை திரும்புவேன். மூன்று வருடமும் அப்படித்தான். ஏன் வந்தாய், வருகைப் பதிவு என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. நான் எவரிடமும் விண்ணப்பம் கொடுத்ததில்லை. இதை மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. தாரணியின் விஷயத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஐந்தும் கறுத்திருந்தன. மாலையில் நாட்குறிப்பு எழுதினேன். ‘கோன் முறை வெற்றி. தாரணி 4, ஸ்டெல்லா 3, பெனடிக்ட் 2, கோமதி 1, நான் 1. மீதி 5.’ அவள் சொன்ன எதையும் எழுதவில்லை. மேலே உள்ளவை எல்லாம் நினைவிலிருந்து எழுதியவை. ஆனால் அவற்றை எழுதி வைக்காமலே இத்தனை துல்லியமாக வைத்திருக்கிறேன்.

8

அவளிடம் இதைப் பற்றி ஒருமுறை பேச முயன்றேன். “அப்பா, இட்ஸ் ஓகே. நீங்க எவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சீங்க” என்றாள். உண்மையாகவே சொன்னாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. கேட்டால் கேட்டதைச் செய்துகொடுத்துவிடுகிற ஆளிடம் கேட்டுப் பயனில்லை என்று பதினாறு வயதில் அவள் தெரிந்துகொண்டாள். அதைக் கோபமின்றித் தெரிந்துகொண்டாள். எனக்குத் தாங்காதது அதுதான்.

அடுத்த நாளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். 2010 ஆகஸ்ட் 23, திங்கள். அந்தப் பக்கம் நாட்குறிப்பில் காலியாக இருக்கிறது.

4.30க்கு எழுந்ததும் முதல் வேலையாகக் காரை எடுத்தேன். முகம்கூடக் கழுவவில்லை. கோமதி வாசல்வரை வந்தாள். “நீங்க மட்டும் போங்க. நான் வந்தா அங்கயே அழுது காரியத்தக் கெடுத்துருவேன்” என்றாள். ஆறு மணிக்கு முன்பே வளாக வாசலில் இருந்தேன். காவலாளி இன்று பார்வை நாள் இல்லை என்றார். தெரியும் என்றேன். பாஸ் எங்கே என்றார். இல்லை என்றேன். மகளை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன், அவள் வரும்வரை இங்கேயே நிற்பேன் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். பன்னிரண்டு வருடமாகியும் என் தெலுங்கு சரியில்லை; ஆனால் அவர் என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் உள்ளே ஆள் அனுப்பினார்.

பார்வை நாள் அல்லாத ஒரு நாளில், விடியற்காலைப் படிப்பிலிருந்து ஒரு பெண்ணை எழுப்பி, அப்பா வந்திருக்கிறார் என்று அழைத்தால், அதற்கு அங்கே ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. நான் அதை யோசித்திருக்கவில்லை.

தாரணி வெறுங்காலோடு ஓடிவந்தாள். நான் தனியாக நிற்பதைப் பார்த்ததும் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா எங்க? அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“உண்மையச் சொல்லுங்க.”

“உண்மைதாம்மா.”

அவள் நம்பவில்லை. கையை நீட்டி என் செல்போனை வாங்கினாள். கோமதியின் குரலைக் கேட்ட பிறகுதான் காரில் ஏறினாள்.